ஒரு படகுக்கு இரண்டரை லட்சம் லிட்டர்

இங்கிலாந்தின் வில்ட்ஷயர் மாவட்டத்தில் டிவைசஸ் என்றொரு பழைய சந்தை ஊர் இருக்கிறது. அதன் சந்தைத் திடலில் கோபுரம்போல் நிற்கும் கல் சிலுவையில் ஒரு மரணச் செய்தி பொறிக்கப்பட்டிருக்கிறது. 1753 ஜனவரி 25 அன்று, பக்கத்துக் கிராமமான பாட்டர்னைச் சேர்ந்த ரூத் பியர்ஸ் என்ற பெண், வேறு மூன்று பெண்களோடு கூட்டுச் சேர்ந்து ஒரு மூட்டை கோதுமை வாங்கினார். ஆளுக்கு இவ்வளவு என்று பங்கு பேசியாயிற்று. பணத்தை எண்ணிப் பார்த்தபோது குறைந்தது. ரூத், தன் பங்கைக் கொடுத்துவிட்டதாகச் சாதித்தார். கொடுக்காவிட்டால் இந்த இடத்திலேயே விழுந்து சாகிறேன் என்றார். மறுபடியும் அதையே சொன்னார், விழுந்தார், இறந்தார். மூடியிருந்த கையைத் திறந்து பார்த்தால் உள்ளே காசு. நகரத்தார் இதைப் பதிவுசெய்து வைத்தார்கள். பிரதமராக இருந்து ஓய்ந்த ஹென்றி அடிங்டன் 1814-இல் ஊருக்குக் கொடுத்த இந்தச் சிலுவையில் அந்தப் பதிவு இன்றும் படிக்கக் கிடைக்கிறது.

ஒரு மூட்டையில் நாலில் ஒரு பங்குக்கு இவ்வளவு கணக்கு பார்த்த ஊர் இது. வியாழக்கிழமைச் சந்தை இன்றும் கூடுகிறது. நார்மன் காலத்துக் கோட்டை இடிந்துபோனாலும், அதன் வெளிமதில் வளைந்த வாக்கிலேயே தெருக்கள் வளைந்து போகின்றன. திடலின் ஒரு பக்கம் பேர் ஹோட்டல். பின்னாளில் அரசவை ஓவியரான தாமஸ் லாரன்ஸ், சிறுவனாக இருந்தபோது அவருடைய தந்தைதான் அதை நடத்தினார். 1857-இல் கட்டிய தானிய மண்டியின் உச்சியில், விளைச்சலின் தேவதையான சீரீஸ் நிற்கிறாள். வாட்வர்த் மதுவடிப்பாலையின் பெரிய குதிரைகள் பீப்பாய் வண்டிகளை இழுத்துக்கொண்டு ஊருக்குள் போய்வந்தது பிரசித்தம். இவற்றையெல்லாம் எந்தச் சுற்றுலாக் கையேட்டிலும் படித்துக்கொள்ளலாம். என்னை இந்த ஊருக்கு இழுப்பது அதன் மேற்குச் சரிவு. அங்கே கணக்கு கோதுமையில் இல்லை, தண்ணீரில் இருக்கிறது.

டிவைசஸ் மேட்டில் உட்கார்ந்த ஊர். மேற்கே நிலம் சட்டென்று சரிந்து ஏவன் ஆற்றுச் சமவெளியில் இறங்குகிறது. பதினெட்டாம் நூற்றாண்டுச் சேற்றுச் சாலையில், ஒரு குதிரை வண்டியில் ஒரு டன் இழுத்தாலே பெரிய காரியம். அதே குதிரையைக் கால்வாய்க் கரையில் நடக்கவிட்டு, கயிற்றின் மறுமுனையில் படகைக் கட்டினால் முப்பது டன்னுக்கு மேல் இழுக்கும். தரையில் சக்கரம் ஒவ்வொரு அங்குலத்துக்கும் உராய்வோடு மல்லுக்கட்ட வேண்டும். மிதக்கும் படகுக்கோ அசைவற்று நிற்கும்போது உராய்வென்று ஒன்று இல்லவே இல்லை. நகரத் தொடங்கினால்தான் நீர் எதிர்க்கிறது. அந்த எதிர்ப்பும் வேகத்தின் வர்க்கத்தை ஒட்டிக் கூடுகிறது. வேகத்தைப் பாதியாக்கினால் எதிர்ப்பு கால்வாசியாகிவிடும். எனவே நடைவேகத்தில் போகச் சம்மதிக்கிறவர்களுக்கு நீர்வழி வாரிக் கொடுக்கிறது.

ஆனால் ஒரு நிபந்தனை: நீர் மட்டமாக இருக்க வேண்டும். மேடு வந்தால் இந்த லாபம் முழுவதும் ஆட்டங்காண்கிறது.

லண்டனையும் பிரிஸ்டலையும் நீரால் இணைக்கும் ஆசை பழையது. கென்னட் ஆற்றை ரெடிங்கிலிருந்து நியூபரி வரை 1723-லும், ஏவன் ஆற்றை பிரிஸ்டலிலிருந்து பாத் வரை 1727-லும் படகு போகும்படி திருத்திவிட்டார்கள். நடுவில் 57 மைல் இடைவெளி. முதலில் மார்ல்பரோ வழியாகப் போகத்தான் திட்டம். அந்த வழியில் போதிய தண்ணீர் கிடைக்குமா என்ற ஐயம் வந்தது. ஜான் ரென்னி என்ற ஸ்காட்லாந்துப் பொறியாளர் மறுபடி அளந்து, பாதையைத் தெற்கே டிவைசஸ் பக்கம் திருப்பினார். 1794-இல் நாடாளுமன்றம் சட்டம் இயற்றி அனுமதி கொடுத்தது. ஆக, இந்த ஊருக்குக் கால்வாய் வந்ததே தண்ணீர்க் கணக்கால்தான்.

ரென்னி செய்த முதல் புத்திசாலித்தனம், ஊருக்குக் கிழக்கே தெரிகிறது. வூட்டன் ரிவர்ஸ் என்ற கிராமத்திலிருந்து டிவைசஸ் வரை 15 மைல், அதாவது 24 கிலோமீட்டர், ஒரே மட்டம். குன்றுகளின் சம உயரக் கோட்டைப் பிடித்துக்கொண்டு வளைந்து வளைந்து போகிறது கால்வாய். வழியில் ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை. அப்படி மிச்சம் பிடித்த இறக்கத்தை எல்லாம் ஒரே இடத்தில் செலவழிக்க வேண்டி வந்தது. அந்த இடம்தான் கேன் ஹில். இரண்டு மைலுக்குள் 237 அடி, அதாவது 72 மீட்டர் இறங்க வேண்டும். அதற்காக 29 நீர்ப்பூட்டுகள் கட்டினார். அடிவாரத்தில் ஏழு, ஊரை ஒட்டி ஆறு, நடுவில் அம்பு விட்டாற்போல ஒரே நேர்க்கோட்டில் பதினாறு.

நீர்ப்பூட்டு என்பது இரு பக்கமும் கதவு வைத்த ஒரு செங்கல் தொட்டி. கீழிருந்து வரும் படகு தொட்டிக்குள் நுழைந்ததும் பின்கதவுகளைச் சாத்துகிறார்கள். பிறகு ஒருவர், முன்கதவுப் பக்கம் உள்ள பல்சக்கரத்தில் இரும்புக் கைப்பிடியை மாட்டிச் சுழற்றுவார். தண்ணீருக்கு அடியில் மதகுப் பலகை மேலேறும். பூட்டுக்கு மேலே கால்வாயில் தேங்கி நிற்கும் மேல்தேக்கத்து நீர் உறுமிக்கொண்டு உள்ளே பாயும். சில நிமிடங்கள் படகு அங்குமிங்கும் இழுபடும். கயிற்றைப் பிடித்திருப்பவர் கவனம் தப்பக் கூடாது. நீர் ஏற ஏறச் சத்தம் அடங்கும். கதவிலிருந்து நீண்டு நிற்கும் கனத்த மரக்கட்டையில் முதுகைச் சாய்த்துக் காலை ஊன்றித் தள்ளினால் கதவு திறக்கும்.

எப்போது திறக்கும் என்பதில்தான் சுவாரசியம். கதவுகள் இரண்டும் சாத்தியபின் நேர்க்கோட்டில் நிற்பதில்லை. நீர் அழுத்தும் திசையை எதிர்த்து, நடுவில் கூம்பி நிற்கின்றன. அழுத்தம் கூடக் கூட ஒன்றையொன்று இறுக்கிக்கொள்கின்றன. லியனார்டோ டாவின்சி மிலன் நகரக் கால்வாய்க்காக வடிவமைத்ததாகச் சொல்லப்படும் உத்தி இது. கேன் ஹில்லில் ஒரு பூட்டின் அகலம் நாலேகால் மீட்டர், இரு பக்க நீர்மட்டத்துக்கும் வித்தியாசம் இரண்டரை மீட்டர். கணக்குப் போட்டால் கீழ்க்கதவுகளின்மேல் கிட்டத்தட்ட 25 டன் எடைக்குச் சமமான விசை விழுகிறது. எந்தப் பயில்வானாலும் திறக்க முடியாது. திறக்க முடியாமல் இருப்பதுதான் பாதுகாப்பு. ஒரே ஒரு சென்டிமீட்டர் வித்தியாசம் மிச்சமிருந்தால்கூட 150 கிலோவுக்கு மேல் எதிர்ப்பு இருக்கும். அனுபவமுள்ள படகோட்டி தள்ளி மல்லுக்கட்டமாட்டார். கட்டையில் சாய்ந்து சும்மா நிற்பார். இரண்டு பக்கமும் சமமான கணத்தில் கதவு தானாகவே இளகிக் கொடுக்கும்.

இப்போது செலவுக்கு வருவோம். 22 மீட்டருக்குச் சற்று கூடுதலான நீளம், நாலேகால் மீட்டர் அகலம், இரண்டரை மீட்டர் உயரம் என்று வைத்துப் பெருக்கினால், ஒரு பூட்டை நிரப்பச் சுமார் 240 டன் தண்ணீர், அதாவது கிட்டத்தட்ட இரண்டரை லட்சம் லிட்டர் ஆகிறது. படகு 29 படி ஏறினாலும் ஒரு பூட்டு நீர்தான் செலவு. ஒவ்வொரு தேக்கமும் தனக்கு மேலுள்ள தேக்கத்திலிருந்து வாங்கிக் கீழே கொடுக்கிறது. கடைசியில் பார்த்தால் உச்சியிலிருந்து 240 டன் நீர் அடிவாரத்துக்கு வந்திருக்கும். 240 டன் நீர் 72 மீட்டர் இறங்கும்போது இழக்கும் ஆற்றல், நம் வீட்டு மின்மீட்டர் கணக்கில் 47 யூனிட். 20 டன் படகொன்று அதே உயரம் ஏறுவதற்கு உண்மையில் தேவைப்படும் ஆற்றல் நான்கு யூனிட்டுக்கும் குறைவு. பத்தில் ஒரு பங்குகூட வேலைக்கு வரவில்லை. மீதி எல்லாம் அந்த உறுமலாகவும் நுரையாகவும் போகிறது. மழை இலவசமாகத் தூக்கிக் கொடுத்த நீர் என்றால் யாரும் கவலைப்பட வேண்டியதில்லை. அந்த நீரை நாமே இறைத்து மேலேற்ற வேண்டியிருந்தால் ஒவ்வொரு படகும் ஒரு செலவுச் சீட்டு.

படகின் எடை இந்தக் கணக்கில் எங்கே வருகிறது? ஆர்க்கிமிடீஸைக் கேட்க வேண்டும். மிதக்கும் படகு தன் எடைக்குச் சமமான நீரை விலக்குகிறது. 80 டன் படகு கீழிருந்து பூட்டுக்குள் நுழையும்போது 80 டன் நீரை வெளியே தள்ளிவிட்டு அந்த இடத்தில் உட்காருகிறது. மேலே போனபின் அது விட்டுச்சென்ற இடத்தை நிரப்ப, மேல்தேக்கத்திலிருந்து அதே 80 டன் நீர் பூட்டுக்குள் வருகிறது. ஆகவே ஏறும்போது மேல்தேக்கம் இழப்பது 240 அல்ல, 320 டன். அதே படகு இறங்கும்போது நேர்மாறு: பூட்டுக்குள் நுழைகையில் 80 டன் நீரை மேல்தேக்கத்துக்கே திருப்பித் தள்ளுகிறது, செலவு 160 டன்னாகக் குறைகிறது. சுமையோடு ஏறி, வெறும் படகாகத் திரும்பினால்? கூட்டிக் கழித்துப் பாருங்கள்: இரண்டு பூட்டு நீர், அதோடு சரக்கின் எடை எவ்வளவோ அவ்வளவு நீர். கேன் ஹில்லில் மேலேறிய ஒவ்வொரு டன் நிலக்கரிக்கும், ஒரு டன் தண்ணீர் கூடுதலாகக் கீழே இறங்கியிருக்கிறது. இயற்கை இவ்வளவு நறுக்காகக் கணக்குத் தீர்த்துக்கொள்வதை முதன்முதலாகக் காகிதத்தில் போட்டுப் பார்த்தபோது எனக்கு உண்டான மகிழ்ச்சியைச் சொல்லி முடியாது.

கேன் ஹில் வழியாக ஏறிய சரக்கில் நிலக்கரிக்குப் பெரிய பங்கு உண்டு. சாமர்செட் சுரங்கங்களிலிருந்து ஒரு கிளைக் கால்வாய் வழியாக அது வந்துசேர்ந்தது. அந்தக் கிளைக் கால்வாய்க்கு நிலம் அளந்தவர் வில்லியம் ஸ்மித். தோண்டத் தோண்டப் பாறை அடுக்குகள் எங்கும் ஒரே வரிசையில் வருவதையும், அடுக்குக்கு அடுக்கு அதற்கே உரிய புதைபடிவங்கள் இருப்பதையும் கண்டார். 1815-இல் இங்கிலாந்து, வேல்ஸ் முழுமைக்கும் அவர் வெளியிட்ட நிலவியல் வரைபடம், பூமியின் வரலாற்றைப் படிக்கும் முறையையே மாற்றியது. கால்வாய் வெட்டுகிறவனுக்கு எந்த மண் நீரைப் பிடித்துவைக்கும், எது குடித்துவிடும் என்பது பிழைப்புப் பிரச்சினை. அந்தக் கேள்வியிலிருந்து ஒரு விஞ்ஞானமே முளைத்தது.

டிவைசஸ் நிற்பது பசுமணற்கல் மேல். சரிவில் இறங்க இறங்கக் களிமண் வருகிறது. இது ரென்னிக்கு இரட்டை வசதி: பூட்டுகளுக்கு வேண்டிய செங்கல்லைப் பக்கத்திலேயே மண் வெட்டிச் சுட்டுக்கொள்ளலாம், களிமண் நீரையும் பிடித்துவைக்கும். மற்ற இடங்களில் களிமண்ணைக் குழைத்து மிதித்து, அடிக்கும் பக்கங்களுக்கும் கெட்டியாகப் பூச வேண்டியிருந்தது. பாத் பக்கம், விரிசல் விட்ட சுண்ணாம்புப் பாறைமேல் போகும் பகுதி கடைசிவரை கசிந்து உயிரை வாங்கியது. இருபதாம் நூற்றாண்டில் அங்கே கான்கிரீட் போட்டுத்தான் நீரை நிறுத்த முடிந்தது.

கேன் ஹில் சரிவில் வந்த சிக்கல் வேறு. பதினாறு பூட்டுகள் மிக நெருக்கம். இரண்டு பூட்டுகளுக்கு நடுவே உள்ள தேக்கம் மிகச் சிறியது. ஒரு தேக்கம் 40 மீட்டர் நீளம், 10 மீட்டர் அகலம் என்று வைத்துக்கொள்வோம். பரப்பு 400 சதுர மீட்டர். அதிலிருந்து ஒரு பூட்டு நீரை எடுத்தால் மட்டம் 60 சென்டிமீட்டர் இறங்கிவிடும், படகு தரைதட்டும். மேலிருந்து ஒரு பூட்டு நீர் வந்தாலோ கரை வழியும். கிழக்கே உள்ள 24 கிலோமீட்டர் நீண்ட தேக்கத்தில் அதே 240 டன்னை எடுத்தால் சுமார் ஒரு மில்லிமீட்டர்தான் குறையும். நீளவாக்கில் இடம் இல்லாததால் ரென்னி பக்கவாட்டில் போனார். ஒவ்வொரு தேக்கத்தையும் பக்கத்தில் குளம்போல அகலமாக விரித்தார். கேன் ஹில்லின் படங்களில், பூட்டுகளின் வரிசைக்குப் பக்கத்தில் அடுக்கடுக்காகத் தெரியும் நீர்ப்பரப்புகள் அவைதான். அழகுக்குச் செய்தது என்று நினைப்பவர்கள் உண்டு. நாணல் வளர்ந்து, தும்பிகளும் நீர்ப்பறவைகளும் குடியேறியபின் அப்படித் தோன்றுவது இயல்புதான். ஆனால் ஒவ்வொரு குளமும் 60 சென்டிமீட்டரைச் சில சென்டிமீட்டராகக் குறைப்பதற்காக வெட்டியது.

எல்லாம் சரி, உச்சிக்குத் தண்ணீர் எங்கிருந்து வரும்? கால்வாயின் மிக உயர்ந்த பகுதி டிவைசஸுக்கு இன்னும் கிழக்கே, கடல்மட்டத்திலிருந்து 450 அடி உயரத்தில் இருக்கிறது. நீளமான சுரங்கம் குடைந்து உச்சியைத் தாழ்த்தலாம் என்பது ரென்னியின் முதல் யோசனை. அவருக்கு மூத்த பொறியாளரான வில்லியம் ஜெசப் அதை மறுத்தார்: குட்டையான சுரங்கம் போதும், உச்சி உயரட்டும், தண்ணீரை நீராவியால் இறைத்துக்கொள்ளலாம். பணமும் காலமும் மிச்சமாயின. கூடவே, முடிவில்லாத இறைப்புச் செலவும் ஒட்டிக்கொண்டது. கிராஃப்டன் என்ற இடத்தில் 1812-இல் நிறுவிய போல்ட்டன்-வாட் நீராவி எந்திரம், அருகிலிருந்த ஊற்றுநீரை 40 அடி உயரத்துக்கு ஏற்றி உச்சிக்கு அனுப்பியது. அதே கட்டடத்தில், அதே வேலையை இன்றும் செய்யக்கூடிய நிலையில் அது இருக்கிறது. இந்த நிலையில் உள்ள, இதைவிடப் பழைய நீராவி எந்திரம் உலகில் வேறில்லை. பாத் பக்கம் கிளேவர்ட்டனில் ரென்னி செய்தது இன்னும் நேர்த்தி. ஏவன் ஆற்றின் ஓட்டத்தில் ஒரு நீர்ச்சக்கரத்தைச் சுழலவிட்டு, அந்தப் பலத்திலேயே ஆற்றுநீரில் ஒரு பகுதியைக் கால்வாய்க்கு ஏற்றினார். 1813 முதல் ஒரு துண்டு நிலக்கரிகூட எரிக்காமல் அது நடந்தது.

கேன் ஹில் பூட்டுகள்தான் கடைசியாக முடிந்தவை. அவை முடியும்வரை சரக்கைப் படகிலிருந்து இறக்கி, தண்டவாளத்தில் குதிரை இழுக்கும் வண்டிகளில் மேலேற்றினார்கள். அந்த வண்டிகளுக்கென்று பாலங்களில் தனியாக விட்ட வளைவுகள் இன்னும் இருக்கின்றன. 1810 டிசம்பரில் முழு வழியும் திறந்தது. போக்குவரத்து பெருகவே 1829 முதல் 1843 வரை சரிவில் வாயு விளக்கு எரிந்தது. இரவிலும் படகுகள் இறங்கி ஏறின.

விளக்கு அணைந்த ஆண்டைக் கவனியுங்கள். லண்டன்-பிரிஸ்டல் ரயில் முழுமையாக ஓடத் தொடங்கியது 1841-இல். கிரேட் வெஸ்டர்ன் ரயில்வே 1852-இல் கால்வாயையே விலைக்கு வாங்கியது. போட்டியாளரின் சொத்தைப் பராமரிக்க யார் மெனக்கெடுவார்கள்? ஆனாலும் அது மெல்லத்தான் செத்தது. கடைசிச் சரக்குப் படகு கேன் ஹில்லில் போனது 1948 அக்டோபரில். ஏவன்மவுத் துறைமுகத்திலிருந்து நியூபரிக்குத் தானியம். அதன்பின் கதவுகள் உளுத்தன, தேக்கங்கள் வற்றின, பூட்டுகளுக்குள் புதர் மண்டியது.

சட்டப்படி மூடிவிட அரசு முனைந்தபோது எதிர்ப்பு கிளம்பியது. ஆயிரக்கணக்கானோர் கையெழுத்திட்ட மனு 1956-இல் அரசிக்குப் போனது. 1962-இல் கென்னட்-ஏவன் கால்வாய் அறக்கட்டளை உருவானது. விடுமுறை நாட்களில் மண்வெட்டியோடு வந்து சேறு வாரியவர்களின் உழைப்பில்தான் பல மைல்கள் மீண்டன. நிதி திரட்டி, கதவுக்குக் கதவு செய்து மாட்டினார்கள். 1990 ஆகஸ்ட் 8 அன்று அரசி இரண்டாம் எலிசபெத் கேன் ஹில்லுக்கு வந்து கால்வாயை மறுபடி திறந்துவைத்தார். மீட்டவர்களின் விடாப்பிடியை நான் மிகவும் மதிக்கிறேன். ரென்னிக்காவது கூலி கொடுக்கப் பங்குதாரர்களின் பணம் இருந்தது.

திறந்த பிறகுதான் பழைய கணக்கு மறுபடி தலைதூக்கியது. சரக்குப் படகுகள் போய், உல்லாசப் படகுகள் வந்துவிட்டன. ஒவ்வொன்றும் அதே 240 டன்னைத்தான் கேட்கிறது. 1996-இல் அடிவாரத்தில் மின்பம்புகள் வைத்தார்கள். கீழே வந்த நீரையே குழாய்வழி உச்சிக்குத் திருப்பி அனுப்பும் ஏற்பாடு. ஒரு நாளைக்கு 3 கோடியே 20 லட்சம் லிட்டர் வரை ஏற்ற முடியும். பூட்டுக் கணக்கில் சொன்னால், பதினோரு நிமிடத்துக்கு ஒரு பூட்டு நீர். முன்பு சொன்ன 47 யூனிட்டும், அதோடு பம்பிலும் குழாயிலும் வீணாவதும், இப்போது நிஜமாகவே மின்கட்டணத்தில் வருகிறது.

அதனால்தான் இங்கே படகோட்டிகளிடம் ஒரு வழக்கம் வேரூன்றியிருக்கிறது. இங்கிலாந்துக் கால்வாய்களின் ஒடுக்கமான படகு ஏழடி அகலம்தான். பூட்டின் அகலம் பதினாலடி. இரண்டு படகுகள் பக்கம் பக்கமாக நுழைந்தால் ஆளுக்குப் பாதி நீர்தான் செலவு. ஐந்தாறு மணி நேரம் பிடிக்கும் ஏற்றம் இது. ஆட்கள் இரட்டிப்பானால் கதவு தள்ளும் வேலையும் பாதியாகும். காலையில் அடிவாரத்துக்கு வந்துசேரும் படகு, பின்னால் இன்னொன்று வருகிறதா என்று பார்க்கிறது. தன்னார்வலர்கள் முன்பின் தெரியாத இரண்டு குடும்பங்களைச் சேர்த்துவிடுகிறார்கள். இரண்டு படகுகளையும் கயிற்றால் பிணைத்துக்கொண்டு, ஒரு குழு முன்னால் நடந்து அடுத்த பூட்டைத் தயார்செய்ய, இன்னொரு குழு பின்கதவுகளைச் சாத்திக்கொண்டு வர, மதியத்துக்குமேல் அவர்கள் ஊர்ப் படகுத்துறையை அடைகிறார்கள். அங்கே கால்வாய் தொடங்கிய காலத்துத் தானியக் கிடங்கொன்றில் இன்று அறக்கட்டளையின் அருங்காட்சியகம் இருக்கிறது. அங்கிருந்து கிழக்கே 24 கிலோமீட்டருக்கு ஒரு பூட்டும் கிடையாது.